துயில்கண்

கோயம்புத்தூரில் இப்போது யாரும் எதிரில் வருகிறவர் முகத்தைப் பார்த்து நடப்பதில்லை. நிறுத்தி வைத்திருக்கும் கார்களின் நெற்றியைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். முன்கண்ணாடிக்குப் பின்னால் கடுகளவு நீல விளக்கு ஒன்று இருக்கிறது. அது அணைந்திருந்தால் தெரு நன்றாக இருக்கிறது என்று பொருள். எரிந்தால் இன்னும் ஓரிரு நிமிடத்தில் அந்த இடத்தில் ஏதோ விபரீதம் நடக்கப்போகிறது.

பெண் பார்க்க வரும் மாப்பிள்ளையைத் தெருமுனையிலேயே இறக்கிவிட்டு, நிற்கிற கார்களை ஒட்டி நடந்து வரச் சொல்கிறார்கள் பெண் வீட்டார். ஜாதகமெல்லாம் அதற்கப்புறம்தான். வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவனை ஓனர் ஒரு தடவை தன் காரைச் சுற்றி வரச் சொல்கிறார். துணிக்கடைக்கு ஆள் எடுக்கும் நேர்முகத் தேர்வே வண்டி நிறுத்துமிடத்தில் நடக்கிறது. விளக்கு எரியவில்லையென்றால் ஆள் தங்கம். எரிந்துவிட்டால் கேள்வி கேட்கிற வழக்கமே கிடையாது. அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அத்தனை பேரும் கூடி தர்ம அடியை முதலில் போட்டுவிடுவார்கள். முன்பெல்லாம் திருடிய பிறகு விழுந்த அடி இப்போது திருடுவதற்கு முன்பே விழுகிறது. முன்னேற்றம் என்றால் இதுதானே.

யுவராணி இதையெல்லாம் நினைத்து அந்த விளக்குக்குப் பின்னாலிருக்கும் துயில்கண் என்ற கேமராவைச் செய்யவில்லை. அவள் நினைத்தது பேட்டரியை மட்டும்தான்.

காட்சி இல்லையென்றால் காப்பீடு இல்லை என்று காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்துவிட்ட காலம் அது. வண்டி ஓடும்போது மட்டுமல்ல, நிற்கும்போதும் கேமரா பதிவு செய்துகொண்டே இருக்க வேண்டும். கேமராவுக்கென்ன, அது பாட்டுக்கு உறிஞ்சும். இரண்டு நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் மூன்றாம் நாள் காலையில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அதோடு சரி. எந்தத் தெருவுக்குப் போனாலும் இரண்டு கார்கள் மூக்கோடு மூக்கு வைத்து நிற்க, நடுவே சிவப்பும் கறுப்புமாக வயர் மாட்டியிருக்கும். சிலர் பேட்டரி இறங்கியதும் கேமராவைத் தானாக அணைத்துவிடும் வெட்டுப்பெட்டி வாங்கி மாட்டினார்கள். திருடர்களும் விவரமானவர்கள்தான். பெட்டி எப்போது வெட்டும் என்று தெரிந்துகொண்டு அதற்கப்புறம் வந்தார்கள். சீட்டுக்கு அடியில் இன்னொரு பேட்டரியை வைத்தவர்களுக்குச் சித்திரை வெயிலில் அது வீங்கிப் போனது.

யுவராணி வேறு மாதிரி யோசித்தாள். இருபத்துநாலு மணி நேரமும் விழித்திருக்கிற வாட்ச்மேனுக்குச் சோறு போட்டுக் கட்டாது. எந்நேரமும் தூங்கிவிட்டு, திருடன் வருவதற்கு ஒரு நிமிடம் முன்னால் மட்டும் விழிக்கிற வாட்ச்மேன் கிடைத்தால் எப்படியிருக்கும்? கேட்டவர்கள் சிரித்தார்கள். அவள் செய்தே காட்டினாள்.

துயில்கண் எப்போதும் மூடியே கிடக்கும். உள்ளே முன்னறி என்று ஒரு சில்லு மட்டும் அரைத் தூக்கத்தில் இருக்கும். தரை வழியே வரும் காலடி அதிர்வையும் பக்கத்தில் அசையும் நிழலையும் வைத்து, 'இது விவகாரத்தில் முடியும்' என்று பட்டால் கண்ணைத் திறக்கும். அந்த அரைத் தூக்கத்துக்கு ஆகும் மின்சாரம் கைக்கடிகாரத்துக்கு ஆவதை விடக் குறைவு. மாதக்கணக்கில் வண்டி நின்றாலும் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. கார் செய்கிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, இனி எதற்குப் பெரிய பேட்டரி என்று அதை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள்.

முன்னறி தானாகவே பாடம் கற்கும். கண் திறந்த பிறகு கார் குலுங்கினால், அதாவது யாராவது இடித்தாலோ உடைத்தாலோ, தன் கணிப்புக்குத் தானே ஒரு 'சரி' போட்டுக்கொள்ளும். குலுங்காவிட்டால் 'தப்பு'. மணிக்கு ஒரு முறை சிமிட்டு என்று ஒன்று நடக்கும். அப்போது ஒவ்வொரு காரும் தான் கற்றதை மற்ற எல்லாக் கார்களுக்கும் சொல்லிவிட்டு, அவை கற்றதைத் தானும் வாங்கிக்கொள்ளும். ஒரு கார் பட்டால் போதும், ஊரிலுள்ள அத்தனை காருக்கும் புத்தி வந்துவிடும்.

நீல விளக்கு அவளுடைய யோசனை அல்ல. தெருவில் போகிறவர்களைத் தெரியாமல் படம் பிடிக்கக் கூடாது, பதிவு நடந்தால் வெளியே விளக்கு எரிய வேண்டும் என்று சட்டம் சொன்னது. மக்களின் அந்தரங்கத்தைக் காப்பாற்ற வந்த நல்ல சட்டம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட இடம் அதுதான்.

அன்றைக்கு வியாழக்கிழமை. அவிநாசி சாலையிலிருந்த அலுவலகத்தில் நிர்வாக இயக்குநர் லோகசுந்தரம் கேக் வெட்டக் கத்தியோடு நின்றிருந்தார். சுவரில் பெரிதாக ஓர் எண் ஒளிர்ந்தது.

"முதல் வருசம் பத்துக்கு நாலு சரியா இருந்துச்சுங்க. இன்னிக்கு நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு," என்றார் அவர். "யுவராணி, நீங்கதான் வெட்டோணும். இது உங்க குழந்தை."

யுவராணிக்கு உள்ளூரப் பெருமைதான். முன்னறி இவ்வளவு சமர்த்தாகும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. எப்படி இத்தனை சீக்கிரம் தேறியது என்று ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்திருக்கலாம். நன்றாகப் படிக்கிற பிள்ளையின் விடைத்தாளை எந்தப் பெற்றோர் திருத்திப் பார்க்கிறார்கள்? கத்தியை வாங்கும்போது போன் அடித்தது.

"மேடம், சப்-இன்ஸ்பெக்டர் வெண்ணிலா பேசறேன். தரணிதரன்கிறது உங்க வீட்டுக்காரருங்களா? பெரியாஸ்பத்திரிக்கு வாங்க. உசுருக்கு ஒண்ணுமில்லைங்க. வாங்க."

தரணிதரன் பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியார். பாடத்துக்காகத் தவளையை அறுப்பதற்குக் கூட மனசு வராமல் படம் வரைந்தே ஒப்பேற்றுகிறவன். கட்டிலில் அவனைப் பார்த்ததும் யுவராணிக்கு இது யாரோ என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு கண் முழுதாக மூடியிருந்தது. உதடு கிழிந்து தையல் போட்டிருந்தார்கள். இடது கையில் கட்டு. அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க ஆச்சு? யாருங்க பண்ணுனாங்க?"

"யாருன்னு சொல்றது யுவா. எல்லாருந்தான்." அவன் வாயை அதிகம் திறக்க முடியாமல் பேசினான். "மார்க்கெட்ல காய் வாங்கிட்டு வந்தேன். நின்னுட்டிருந்த கார் மேல கால் பட்டுருச்சு. குனிஞ்சு தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். நிமிர்றேன், 'எரியுது, எரியுது'ன்னு சத்தம் கேக்குது. யாருக்கு எரியுதுன்னு நானும் திரும்பிப் பாத்தேன்."

அவன் அப்படித்தான். புத்தகத்தின் மேல் கால் பட்டாலும் சரி, அடுத்தவர் செருப்பின் மேல் பட்டாலும் சரி, குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் நகர மாட்டான். சின்ன வயதில் அவன் அம்மா பழக்கிய பழக்கம்.

வெண்ணிலா வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். இளம் வயது, நல்ல மாதிரி. சொல்வதற்குச் சங்கடப்பட்டாள்.

"மேடம், அடிச்சவங்க மேல கேஸ் போட முடியாதுங்க. துயில்கண் எரிஞ்சிருக்குது. எரிஞ்சதுக்கப்புறம் காரோட முன்கண்ணாடியும் உடைஞ்சிருக்குது. சார் மேலதான் எஃப்.ஐ.ஆர் போட்டாகோணும்."

"அவர் மேலயா? அடி வாங்குனது அவருங்க."

"தெரியுதுங்க. ஆனா எரிஞ்சிருக்குதே," என்றாள் வெண்ணிலா. அதற்கு மேல் ஒரு விளக்கம் தேவைப்படும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

எக்ஸ்ரே எடுக்கும் கட்டடம் மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. சக்கர நாற்காலி எதுவும் காலியாக இல்லை, மெல்ல நடத்திக் கூட்டிப் போகலாம் என்றாள் நர்ஸ் ஜெசிந்தா. ஐம்பதை நெருங்குகிறவள், வார்டில் எல்லோரையும் 'சாமி' என்றே கூப்பிடுகிறவள். ஒரு பக்கம் அவளும் மறு பக்கம் யுவராணியுமாக அவனைத் தாங்கிக்கொண்டு படி இறங்கினார்கள். டாக்டர்களின் கார்கள் வேப்பமர நிழலில் வரிசையாக நின்றிருந்தன.

முதல் காரைத் தாண்டும்போது நீல விளக்கு எரிந்தது.

அடுத்த காரும் எரிந்தது. அதற்கடுத்ததும். அவன் ஓரடி வைக்க வைக்க வரிசையாக ஒவ்வொன்றாகக் கண்ணைத் திறந்தன. யுவராணிக்குப் புரிந்தது. இடையில் ஒரு சிமிட்டு நடந்துவிட்டிருக்கிறது. மார்க்கெட் கார் தான் கற்றதை எல்லாக் கார்களுக்கும் சொல்லிவிட்டது. முன்னறிக்கு முகம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் நடைதான். தரணிதரனின் நடையை இப்போது ஊரிலுள்ள அத்தனை கார்களுக்கும் தெரியும்.

ஜெசிந்தா சட்டென்று கையை எடுத்துவிட்டாள். மைதானத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"கிட்ட வராதீங்க. அடிபட்ட மனுசன், பாத்தா தெரியலீங்களா?" யுவராணி அவனை மறைத்துக்கொண்டு நின்றாள். தன் கையால் செய்த கண்கள் தன் புருஷனை முறைத்துப் பார்க்கிற காட்சி அவளுக்குப் பேயறைந்த மாதிரி இருந்தது. வெண்ணிலா எங்கிருந்தோ ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். அவனை அதில் உட்கார வைத்ததும் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கால் தரையில் படாவிட்டால் அவன் யாரென்று அவற்றுக்குத் தெரியாது.

"அப்ப நான் இனி நடக்கவே கூடாதா யுவா?" என்று கேட்டான் தரணிதரன்.

அவள் நாற்காலியை எக்ஸ்ரே கட்டடத்தை நோக்கித் தள்ளினாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு மார்க்கெட் காரின் பதிவை ஓடவிட்டாள். கால் படுகிறது. குனிகிறான், டயர் பக்கமாகக் கை போகிறது, தொடுகிறான். டயரில் காற்றைப் பிடுங்க வருகிறவனும் அப்படித்தான் குனிவான். கண் திறந்தது அதனால்தான். இதுவரை முன்னறி செய்தது வெறும் தவறு, திருத்திவிடலாம்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பார்த்தாள். காய்கறிப் பையோடு போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள் பையைப் பத்திரமாக ஓரத்தில் வைத்துவிட்டு வந்து, ஓங்கி ஓர் அறை விட்டு, பையை எடுத்துக்கொண்டு போனாள். அவள் முகத்தில் கோபம் கூட இல்லை. கோயில் உண்டியலில் காசு போடுகிற மாதிரி எல்லோரும் ஆளுக்கொன்று போட்டார்கள். நாலைந்து பேர் அவனைத் தூக்கி பானெட்டின் மேல் சாய்த்தார்கள். தலை மோதிக் கண்ணாடி உடைந்தது. கார் குலுங்கியது.

குலுங்கியதும் திரையின் மூலையில் பச்சையாக ஒரு சொல் வந்தது. 'சரி.'

யுவராணி அவசர அவசரமாக வேறு பதிவுகளைத் திறந்தாள். சிங்காநல்லூரில் ஒரு பையன் கார்க் கண்ணாடியில் தலை சீவுகிறான். கண் திறக்கிறது. கூட்டம் வருகிறது. பையனைக் கதவோடு சேர்த்து அறைகிறார்கள், கார் குலுங்குகிறது. சரி. பீளமேட்டில் ஒரு முதியவர் மூச்சு வாங்கக் காரில் சாய்கிறார். கூட்டம், குலுக்கல், சரி. காந்திபுரத்தில் ஒரு பெண் தவறி விழுந்த கம்மலைத் தேடிக் குனிகிறாள். சரி. எதைத் திறந்தாலும் இதே கதைதான். விளக்கு எரிகிற வரைக்கும் யாரும் எதையும் செய்திருக்கவில்லை. எரிந்த பிறகுதான் செய்தார்கள், அதுவும் மற்றவர்கள்.

ஆளரவமில்லாத இடங்களில் நின்ற கார்களின் பதிவை மட்டும் தனியாகப் பிரித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பத்துக்கு நாலு. முதல் வருடம் இருந்த அதே நாலு. முன்னறி இத்தனை வருடத்தில் ஒரு எள்ளளவு கூடத் தேறவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். இங்கே காக்கை உட்கார்ந்ததும் ஊரே திரண்டு மரத்தை உலுக்கியிருக்கிறது. காக்கையும் தன்னால்தான் பழம் விழுந்தது என்று நம்பி, அதே கிளையில் மறுபடி மறுபடி உட்கார்ந்திருக்கிறது.

நேற்று சுவரில் ஒளிர்ந்த தொண்ணூற்றெட்டு அவள் கண்முன் வந்தது. நாற்பதுக்கு மேல் ஏறியது அத்தனையும் சும்மா அடி வாங்கினவர்களின் எண்ணிக்கை.

லோகசுந்தரம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. முகம் வெளிறிப்போய், தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"இப்ப என்ன பண்ணலாம்ங்கறீங்க?"

"முன்னறியை நிறுத்தீரலாங்க."

"நிறுத்துனா கேமரா ஓயாம ஓடோணும். உள்ளங்கை பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?"

"மூணு நாள்."

"நாலாம் நாள் ஊர்ல ஒரு வண்டி நகராது. ஆம்புலன்ஸும் சேத்தித்தான். அதுக்கு யாருங்க பொறுப்பு?"

"அப்ப விளக்கை அணைச்சிருங்க."

"சட்டம் விடாதுங்களே."

"இவர் நடையை மட்டுமாச்சும் மறக்க வைக்கோணும் சார்." கேட்டுவிட்டு அவளே தலையை அசைத்துக்கொண்டாள். கற்றதெல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கிறது. ஒருவன் நடையை மட்டும் பிரித்தெடுக்க முடியாது என்பது அவருக்குத் தெரிவதை விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஒரு கமிட்டி போடறேன்," என்றார் லோகசுந்தரம். "ஒரு ஆறு மாசம் குடுங்க. அதுவரைக்கும் அவர் வீட்லயே இருக்கட்டும்."

ஆறு மாதம் ஒரு மனிதன் தெருவில் கால் வைக்காமல் இருக்க வேண்டும் என்று அவர் சொல்கிறார் என்பது அவருக்கே புரிந்திருக்காது. யுவராணிக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. கோபத்தில் பிறக்கிற யோசனைகள் பளிச்சென்று இருக்கும். சரியாகவும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒருவனுக்கு எரிந்தால்தானே சந்தேகம்? எல்லோருக்கும் எரிந்துவிட்டால்? எல்லாக் கார்களின் கண்களும் ஒரே நேரத்தில் திறந்து, யார் வந்தாலும் போனாலும் மூடாமல் எரிந்துகொண்டே இருந்தால், ஊர் ஒரு மணி நேரம் மிரளும். பிறகு சிரிக்கும். இந்த விளக்குக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று சின்னக் குழந்தைக்குக் கூடப் புரிந்துவிடும். மூன்று நாளில் பேட்டரி செத்துக் கண்கள் மூடும். பேட்டரியோடு அவள் அனுப்பிய ஆணையும் அழிந்துபோகும். முன்னறி கற்றது மட்டும் அழியாது. அழியாவிட்டால் போகட்டும், அதற்குள் விளக்கை மதிக்கிறவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். தரணி எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். வண்டி ஓடாத நாட்களுக்கு ஊர் அவளைத் திட்டட்டும், ஜெயிலில் போடட்டும்.

ஆணையை எழுதினாள். லோகசுந்தரம் திரும்ப வாங்கிவிடக் கூடாது என்பதற்காக, ஒருமுறை போய்ச் சேர்ந்தால் தன்னாலும் நிறுத்த முடியாதபடி பூட்டினாள். அடுத்த சிமிட்டில் அது புறப்பட்டுவிடும். ஆம்புலன்ஸ்களை மட்டும் விட்டுவைத்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்து, தரணிதரனின் கட்டிலை ஜன்னலோரமாக நகர்த்தினாள்.

"கீழ பாருங்க," என்றாள். "இப்ப ஒரு வேடிக்கை நடக்கப்போகுது."

பதினொரு மணிக்கு மைதானத்தில் நின்ற அத்தனை கார்களும் கண் திறந்தன. சாலையோரம் நின்றவையும், எதிர்க் கட்டட மாடியில் நின்றவையும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீலப் புள்ளிகள்.

ஜனங்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். யாருக்கு எரிகிறது என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். வாசலில் பூ விற்கிற பெண் தன் பக்கத்துக் காரைப் பார்த்து, "அட, எனக்குங்கூட எரியுது" என்று சிரித்தாள். அவளோடு இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். யுவராணிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தையல் இழுத்தாலும் தரணிதரனும் சிரித்தான். அவள் அவனுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு நடுவில் ஒரு ஆளின் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஒரு காருல எரிஞ்சா ஒரு திருட்டு. ஊருக்கே எரியுதுன்னா என்ன வரப்போகுதோ தெரியலயே."

சிரிப்பு நின்றது. அவர்கள் விளக்கைச் சந்தேகப்படவில்லை. ஒரு நொடி கூட யாரும் சந்தேகப்படவில்லை. விளக்கு பொய் சொல்லாது, அப்படியென்றால் வரப்போவது பெரிது என்று கணக்குப் போட்டார்கள். யாரோ பூகம்பம் என்றார்கள். யாரோ சிறுவாணி அணை என்றார்கள். அவரவர் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், பெற்றவர்கள் வீட்டில் இருந்தார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் ஓடினார்கள்.

"ஒண்ணும் வரலீங்க, ஓடாதீங்க," என்று அவள் ஜன்னலிலிருந்து கத்தினாள். அது யார் காதிலும் விழவில்லை. கார்களை அவசரமாக எடுத்தார்கள், ஒன்று இன்னொன்றில் போய் முட்டியது. ஆஸ்பத்திரி வாசலில் விழுந்தவர்களை ஓடுகிறவர்கள் மிதித்தார்கள். பூக்கூடை கவிழ்ந்து கிடந்தது. அந்தப் பெண்ணைக் காணவில்லை. சாயங்காலத்துக்குள் உக்கடம் மேம்பாலத்திலிருந்தும் ரயில் நிலையத்திலிருந்தும் ஆட்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கட்டில் போதாமல் வராந்தாவில் பாய் விரித்தார்கள்.

யுவராணியின் போனில் அலுவலகத் திரை திறந்தே இருந்தது. ஊரெங்கும் கார்கள் இடித்தன, கவிழ்ந்தன, குலுங்கின. ஒவ்வொன்றும் தனக்குத்தானே 'சரி' போட்டுக்கொண்டது. இருட்டுவதற்கு முன் எண் நூற்றுக்கு நூறைத் தொட்டது. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சில கார்களில் விளக்கு மங்கத் தொடங்கியது. அதற்குள் அவள் வெண்ணிலாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். சப்-இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கூட வாங்கவில்லை. "தூங்கி எத்தனை நாளாச்சு மேடம்? போய்ப் படுங்க," என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். லோகசுந்தரம் போனை எடுக்கவில்லை. சட்டசபையில் துயில்கண்ணைப் பாராட்டித் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். அவ்வளவு பெரிய விபத்தை ஒரு கருவி முன்கூட்டியே சொல்லியிருக்கிறதே.

ஜெசிந்தா பஞ்சும் மருந்துமாக வந்தாள். இரண்டு நாளாக வீட்டுக்கே போகாதவள், கண்கள் சிவந்திருந்தன. தரணிதரனின் கட்டிலைப் பார்த்தாள். கட்டில் காலியாக இருந்தது.

"சாமி எங்கீங்க?"

யுவராணி ஜன்னலைக் காட்டினாள். கீழே மைதானத்தில் தரணிதரன் நடந்துகொண்டிருந்தான். கட்டுப்போட்ட கையை மார்போடு சேர்த்துக்கொண்டு, கார்களை ஒட்டி, ஒவ்வோர் அடியாக. எல்லாக் கார்களிலும் விளக்கு எரிந்தது. எல்லோருக்கும் எரிந்துகொண்டிருந்ததால் அவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு காரில் அவன் கால் இடித்தது. குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பக்கத்தில் நின்றவர் நகர்ந்து அவனுக்கு வழிவிட்டார்.

ஜெசிந்தா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மேடம், நீங்க இந்த கண்ணு கம்பெனியிலதான வேலை செய்யறீங்க? எங்க வீட்டுக்காரர் வண்டில லைட்டு மங்குதுன்னு போன் பண்ணுனாருங்க. பேட்டரியும் கெட்டுப் போகக் கூடாது, கண்ணும் மூடக் கூடாது. அதுக்கு ஏதாச்சும் வழி இருக்குங்களா? ராத்திரியெல்லாம் ஒரே பயமா இருக்குது."

"அது சும்மா எரியுதுங்க ஜெசிந்தா. நான்தான் எரிய விட்டேன். ஒண்ணுமே வர்றதா இல்லை."

ஜெசிந்தா அவளை இரக்கத்தோடு பார்த்தாள். "அதெப்படிங்க சும்மா எரியும்? எரிஞ்சப்புறம் வந்துச்சே. வராந்தா பூரா படுத்திருக்கறாங்க, பாருங்க."

யுவராணி வராந்தாவைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். வேப்பமரத்தடியில் ஒரு காரின் விளக்கு துடித்துத் துடித்து அணைந்துகொண்டிருந்தது. பேட்டரி சாகட்டும். நாளைக்கு மெக்கானிக் வந்து உயிர் கொடுப்பான். கண்கள் பழையபடி மூடிக் கிடக்கும். கற்றதெல்லாம் கற்றபடி உள்ளே இருக்கும். தரணிதரன் ஓரடி வைத்தால் அவன் ஒருவனுக்கு மட்டும் திறக்கும். நூற்றுக்கு நூறு வாங்கிய கண் திறந்தால் இந்த ஊர் அவனை உயிரோடு விடாது. அவன் நடக்க வேண்டுமென்றால் எல்லோருக்கும் எரிய வேண்டும். எப்போதும் எரிய வேண்டும்.

அவன் மைதானத்தின் அந்தக் கோடி வரை போய்விட்டுத் திரும்பி, மேலே பார்த்துக் கையை ஆட்டினான்.

"இருக்குங்க," என்றாள் யுவராணி. சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்கு உறைத்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "வீட்டு பிளக்குல இருந்து சின்ன சார்ஜர் ஒண்ணு மாட்டி வைங்க. வண்டி நிக்கறப்பெல்லாம் கொஞ்சங் கொஞ்சமா ஏறிட்டே இருக்கோணும். பேட்டரிக்கு ஒண்ணும் ஆகாது, கண்ணும் மூடாது. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயும் சொல்லுங்க."

ஜெசிந்தா அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். பக்கத்துக் கட்டிலிலிருந்தவரின் மனைவி தனக்கும் ஒரு தடவை சொல்லும்படி கேட்டாள். வராந்தாவிலிருந்தும் இரண்டு மூன்று பேர் எழுந்து வந்தார்கள். யுவராணி எல்லோருக்கும் புரிகிற மாதிரி, முதலிலிருந்து நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.